பத்து முடிச்சு நம்பிக்கை

பொட்டலேந்தலில் நான் பெண் எடுத்தவன். அதனால் அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் சொன்னால் வராது. மாப்பிள்ளைக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் மாமனார் வீடு என்று ஒன்று எதற்கு?

ஒரு திங்கட்கிழமை காலை, ரெஜினா என்று ஒரு பெண் அந்த ஊருக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சர்வே எடுக்கிற பெண். எந்தத் தொழில் பார்ப்பவர்கள் மேல் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஊர் ஊராகப் போய் எழுதி வாங்குவதுதான் அவள் வேலை. கையில் ஒரு தாள், தாளில் ஆறு கட்டம். டாக்டர், வக்கீல், போலீஸ், நிருபர், அரசியல்வாதி. கடைசியில் பொடி எழுத்தில், சர்வே எடுப்பவர். கதை சொல்கிறவனுக்குக் கட்டம் கிடையாது. நல்லவேளை.

ரேஷன் கடை வாசலில் ஊரே கூடிவிட்டது. ரெஜினா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கிச் சொன்னாள்.

"ஐயா, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் மார்க் போடணும். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதை வச்சுப் போடக் கூடாது. நேர்ல பட்ட அனுபவத்தை வச்சுத்தான் போடணும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்கணும். ஒரு தாளுக்கு ஒரே ஆள்தான் பதில் சொல்லணும். எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க. அடித்தல் திருத்தல் கூடாது."

"அவ்வளவுதானா தாயி?" என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு அம்பலம். ஊரில் மூளை உள்ளவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தது அந்த ஊர்தான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

"இன்னும் ஒண்ணு ஐயா. யாருக்காவது பத்துக்குப் பத்து விழுந்துச்சுன்னா அதை அப்படியே வச்சிருங்க. நான் வெள்ளிக்கிழமை வந்து நேர்ல பார்த்துச் சரிபார்க்கணும். அதுவரைக்கும் அசைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதையே மற்ற ஊர்களில் சொன்னால் ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டு, அவள் போனதும் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுப்பார்கள். பொட்டலேந்தல்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதுதான் அவர்களுக்கு உள்ள வியாதி.

தாளை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நம்பிக்கையை எதால அளக்குறது?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"எண்ணெய்ன்னா லிட்டர். துணின்னா மீட்டர்," என்றார் ஒருவர். "நம்பிக்கைக்குன்னு தனியா ஒண்ணு கடையில விக்குமோ?"

"வித்தாலும் வாங்கக் கூடாது. கடைக்காரனை எப்படி நம்புறது? அவனை அளந்து பார்க்கவே அளவுகோல் வேணுமே!"

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அப்போதுதான் இருளப்பன் தொண்டையைக் கனைத்தான். ஊர்க் கிணற்றைத் தூர் வாருகிற வேலைக்கு எப்போதும் அவன்தான் இறங்குவான்.

"போன வருசம் தூர் வாருனோமே, அப்ப மேல கயித்தைப் பிடிச்சது எங்க மச்சான். நான் பாதிக் கிணறு வரைக்கும்தான் போனேன். அதுக்கு மேல அவன் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் எங்க பெரியப்பா வந்து பிடிச்சாரு. அடி வரைக்கும் போனேன்."

வெள்ளைக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார். "அடேய் இருளப்பா! இத்தனை நாள் இந்த மூளையை எங்கடா வச்சிருந்தே? கயித்துல பத்து முடிச்சுப் போடு. டாக்டர் கயித்தைப் பிடிச்சா எத்தனை முடிச்சு இறங்குறோமோ, அத்தனை மார்க்கு. வக்கீல் பிடிச்சா எத்தனையோ, அத்தனை. நேர் அனுபவமும் ஆச்சு, ஒரே அளவுகோலும் ஆச்சு!"

விதிகளும் அங்கேயே முடிவாயின. கயிற்றை அந்தத் தொழில்காரர் மட்டுமே பிடிக்க வேண்டும். ஊர்க்காரன் கை வைக்கக் கூடாது. 'போதும்' என்ற சொல் வருகிற வரைக்கும் இறக்க வேண்டும். கப்பியைத் தாண்டிப் போகிற முடிச்சுகளை எண்ணித் தாளில் எழுத வேண்டும். மார்க்கை எழுதியபின் ஊர் சேர்ந்து ஆளை மேலே தூக்கிவிடலாம்.

"ஒரே ஆள்னு சொன்னாளே, யாரு இறங்குறது?"

எல்லாரும் சன்னாசியைப் பார்த்தார்கள். சன்னாசி ஒல்லி. அதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி முகூர்த்தத்தில் அவர் மகள் பூங்கோதைக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக்காரர் அந்த வாரம் ஊரை விட்டு எங்கேயும் போக மாட்டார் அல்லவா? வேறு யாரை நம்பி இந்த வேலையைக் கொடுப்பது?

"வெள்ளிக்கிழமை நான் மேல இருக்கணும்யா," என்றார் சன்னாசி. "பொண்ணைக் கையில பிடிச்சுக் கொடுக்க அப்பன் வேணும். எனக்கு இருக்கிறது ஒத்தப் பொண்ணு."

"அட, ஒரு நாள் வேலைய்யா!" என்றார் வெள்ளைக்கண்ணு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஊருக்குள் எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி, என்ன தொழில் என்று கேட்டார்கள். முதலில் மாட்டியவர் மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர். கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் முகாமில் ஒரு காலையில் நூற்றிருபது பேரைப் பார்க்கிறவர். எதற்கு என்று கேட்க அவருக்கு எங்கே நேரம்? இடது கையில் கயிற்றைப் பிடித்துச் சன்னாசியை இறக்க ஆரம்பித்தார். நாலாவது முடிச்சில் சன்னாசி அண்ணாந்து பார்த்தால், டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வலது கையால் ஒரு சீட்டில் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

"போதும்! போதும்!" என்று அலறினார் சன்னாசி.

டாக்டருக்கு நாலு. அவர் சீட்டைக் கிழித்து வெள்ளைக்கண்ணு கையில் கொடுத்து, "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அஞ்சு நாளைக்கு அப்புறம் வந்து காட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சன்னாசியைக் காலையிலும் சாயங்காலமும் இறக்கச் சொல்கிறார் என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். அன்று சாயங்காலமும் ஒரு தடவை இறக்கினார்கள். மருந்தை நடுவில் நிறுத்தினால் கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் ஒரு வக்கீல் வந்தார், யாருடைய நிலத்தையோ பார்க்க. அவர் கயிற்றைக் கையில் வாங்கியதும் கிணறு யார் பேரில் இருக்கிறது, கயிறு யாருடையது, தொங்குகிறவர் மேஜரா என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் நல்ல பிடியாகப் பிடித்து, ரொம்ப மரியாதையாக இரண்டு முடிச்சு இறக்கினார். சன்னாசிக்கு நம்பிக்கை வந்து, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று நினைக்கிற நேரத்தில், வக்கீல் கயிற்றைப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"என்னங்க ஐயா, எங்க போறீங்க?"

"மீதியை அடுத்த மாசம் பதினாலாம் தேதி பார்த்துக்கலாம்," என்றார். போயே போய்விட்டார்.

வக்கீலுக்கு இரண்டு. தாளில் எழுதியாயிற்று. ஆனால் சன்னாசியைத் தூக்கலாமா வேண்டாமா என்று விவாதம் வந்துவிட்டது.

"பதினாலாம் தேதின்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நடுவுல தொட்டா கோர்ட்டு அவமதிப்பு," என்றான் இருளப்பன்.

"ஏய், எனக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்டா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து கத்தினார் சன்னாசி.

"உங்களுக்கு இல்லை, உங்க பொண்ணுக்கு. கல்யாணத்தைப் பதினஞ்சாம் தேதி வச்சுக்கலாமே?"

கிணற்றில் ஒரு ஆள் தொங்குகிறான், சுற்றி உட்கார்ந்து ஊரே பேசிக்கொண்டிருக்கிறது என்று அந்த வழியாகப் போன பால்காரர் ஒருவர் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் ஏட்டையா வந்து இறங்கினார். பெரிய மீசை. "தூக்குங்கய்யா அவனை!" என்று ஒரு சத்தம் போட்டார். கோர்ட்டு அவமதிப்பாவது ஒன்றாவது, அடுத்த நிமிஷம் சன்னாசி மேலே நின்றார்.

"என்னய்யா நடக்குது இங்க?"

"உங்க மேல இவருக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு பார்க்கணும் ஐயா," என்று வெள்ளைக்கண்ணு பணிவாகக் கயிற்றை நீட்டினார்.

ஏட்டையா கயிற்றைக் கையில் வாங்கவில்லை. நுனியைப் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டார். சன்னாசியை ஏற இறங்கப் பார்த்தார். லத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "என் மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

சன்னாசி யாரும் இறக்காமலே இறங்கிவிட்டார். கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சுவரில் காலை ஊன்றி அவர் இறங்க இறங்க, ஒன்று இரண்டு மூன்று என்று முடிச்சுகள் கடகடவென்று ஓடின. ஏழாவது முடிச்சில் ஏட்டையாவுக்குப் போன் வந்தது. "போதும், போய் வேலையைப் பாருங்கய்யா," என்றார்.

அவர் போனதும் பெரிய விவாதம்.

"போதும்னு சன்னாசி சொல்லலையே, ஏட்டையாதானே சொன்னாரு?"

"யார் சொல்லணும்னு விதியில போடலை. சொல் வந்தாச் சரி."

"அது கிடக்கட்டும். சன்னாசி இறங்குனது நம்பிக்கையிலயா, பயத்துலயா?"

வெள்ளைக்கண்ணு தாளை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். "பயத்துக்குக் கட்டம் இல்லை."

"அப்ப நம்பிக்கைதான்."

போலீசுக்கு ஏழு. டாக்டரைவிட மூன்று கூட.

ஏட்டையா வந்துபோனது தெரிந்து, என்னவோ ஏதோ என்று ஒரு டி.வி. நிருபர் கேமராக்காரரோடு ஓடி வந்தார். ஒரு கையில் மைக், அதே கையில் கயிறு. சன்னாசியை ஆறு முடிச்சு விட்டார், வெளிச்சம் சரியில்லை என்று ஒன்று வரைக்கும் இழுத்தார், மறுபடி ஆறு. "உள்ளே இறங்குறப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று குனிந்து கேட்டார். சன்னாசி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதற்கு மேல் இறக்க மாட்டேன் என்று நிருபரே சொல்லிவிட்டதால் ஆறு என்று போட்டார்கள். சாயங்காலச் செய்தியில், 'பொட்டலேந்தல் கிணற்றில் மர்ம மனிதர் நடமாட்டம்' என்று வந்தது. இவர்கள் பயந்துபோய், அந்த மர்ம மனிதரைப் பார்த்தாயா என்று சன்னாசியிடமே கேட்டார்கள்.

கேமரா இருக்கிற இடத்துக்கு அடுத்து யார் வருவார் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கே வந்துவிட்டார், முன்னாள் சேர்மன் குணசீலன், மூன்று வண்டி ஆட்களோடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு. கயிற்றைக் கேட்டு வாங்கினார். இதுவரைக்கும் யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதால் ஊர் உருகிப்போனது.

சன்னாசிக்கே அப்போது ஒரு தெம்பு. இரண்டு நாளாகத் தொங்கித் தொங்கி இடுப்பெல்லாம் கயிற்றுத் தழும்பு. இந்தக் கட்டம் முடிந்தால் அப்புறம் அந்தச் சர்வே பெண் மட்டும்தான் பாக்கி. வீட்டுக்குப் போய்ப் பந்தல் வேலையைப் பார்க்கலாம். நெஞ்சளவு கிணற்றுக்குள் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"அன்பார்ந்த பொட்டலேந்தல் மக்களே!" என்று ஆரம்பித்தார் குணசீலன். "இந்தக் கயிறு சாதாரணக் கயிறல்ல. இது உங்களுக்கும் எனக்கும் உள்ள உறவு! உயிரே போனாலும் உங்களை நான் கைவிட மாட்டேன். சன்னாசி அண்ணே, சுவரை விடுங்க. தம்பி நான் இருக்கேன்!"

சன்னாசி கண் கலங்கிச் சுவரை விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தொண்டர் குணசீலனுக்குச் சால்வை போர்த்தினார். கூட்டம் கை தட்டியது. கை தட்டினால் கும்பிட வேண்டும். கும்பிட இரண்டு கையும் வேண்டும்.

கப்பி அப்படி ஒரு சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட முடியவில்லை. பத்தாவது முடிச்சும் கப்பியைத் தாண்டிய பிறகுதான் கயிறு நின்றது. கீழே 'தொப்' என்று ஒரு சத்தம். மழை இல்லாத வருசம்; கிணற்றில் தண்ணீர் கிடையாது, இடுப்பளவு சேறுதான். அதனால் எலும்பு தப்பியது.

குணசீலன் எட்டிப் பார்த்தார். "இவரை மாதிரி அடிமட்டத் தொண்டர்கள்தான் எனக்குப் பலம்," என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

ஊர் கப்பியைச் சுற்றி நின்றது.

"பத்து," என்றான் இருளப்பன் மெதுவாக.

"விழுந்ததுய்யா அது! இறங்குனதா?" என்று ஒருவர் கேட்டார்.

"விழுந்தவன் 'போதும்'னு சொன்னானா?"

சொல்லவில்லைதான். வாய் நிறையச் சேறு. எப்படிச் சொல்வார்?

"நாலுல டாக்டரைப் பார்த்து அலறுன ஆளு," என்று வெள்ளைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரு பிடிச்சப்ப ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம அடி வரைக்கும் போயிருக்கானே! இதுக்குப் பேர்தான்யா முழு நம்பிக்கை."

அரசியல்வாதிக்குப் பத்து.

சன்னாசி வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, தூக்கச் சொல்லிக் கத்தினார். நாலு பேர் கயிற்றில் கை வைத்தார்கள். "நிறுத்து!" என்று வெள்ளைக்கண்ணு குறுக்கே பாய்ந்தார்.

"பத்துக்குப் பத்து விழுந்தா என்ன செய்யச் சொன்னா அந்தப் புள்ள? அப்படியே வச்சிருங்க, அசைக்கக் கூடாதுன்னு சொன்னாளா இல்லையா? ஒரு முடிச்சு மேல வந்தா ஒம்பது. அப்புறம் அது அடித்தல் திருத்தல். வெள்ளிக்கிழமை அவ வந்து பார்த்துட்டுத்தான் தூக்கணும்."

"அன்னைக்குக் கல்யாணம்யா! பாவிகளா, எம் பொண்ணு கல்யாணம்!" சன்னாசி அழுதேவிட்டார். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. இருந்திருந்தால் தூக்கியிருப்பேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

சன்னாசி மனைவி காத்தாயியிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பத்து மார்க் என்றதும் நின்றாள். "எங்க வீட்டுல யாரும் பள்ளிக்கூடத்துல அஞ்சு மார்க்கைத் தாண்டுனதில்லை," என்றாள். "இந்த மனுசனா பத்து? இருங்க, நான் போய் அவருக்குச் சோறு எடுத்துட்டு வாரேன்." ஒரு வாளியில் சோறும் குழம்பும் வைத்து வேறொரு கயிற்றில் இறக்கினாள்.

பூங்கோதைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்த ஊரில் எப்படி இப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. கயிற்றைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். அதற்குள் பத்து மார்க்குக்குக் காவலாக நாலு பெரியவர்கள் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்கப்பா மேல வராம நான் தாலி கட்டிக்க மாட்டேன்," என்று கிணற்றடியில் உட்கார்ந்து தேம்பினாள்.

இதற்கும் வழி தேடினார்கள். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. சன்னாசியைக் கல்யாணத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் கல்யாணத்தைச் சன்னாசியிடம் கொண்டுபோவோம் என்று வியாழக்கிழமை பந்தலைப் பிரித்துக் கிணற்றைச் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் இருளப்பனுக்கு இன்னொரு யோசனை.

"பொண்ணையும் மாப்பிள்ளையையும் கீழேயே இறக்கிட்டா என்ன? அப்பன் கையால பிடிச்சுக் கொடுத்துடுவாரு."

மாப்பிள்ளையின் அப்பா கொதித்துப் போனார். அவர் பக்கத்து ஊர்தான். பக்கத்து ஊர் என்றால் எவ்வளவு தூரம் வித்தியாசம் இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கயித்தை யாரு பிடிப்பா?" என்றார். "அதைச் சொல்லுங்க முதல்ல. டாக்டர் பிடிச்சா எங்க பையன் நாலு முடிச்சுக்கு மேல போக மாட்டான். குறைஞ்சது ஏட்டையாவாவது வரணும்!"

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பூங்கோதை தாளின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டுவிட்டாள். "அக்கா, பத்து மார்க்கு கிணத்துக்குள்ள கிடக்கு. எங்கப்பாதான் அது. சீக்கிரம் வாங்க."

ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த அழுகை புரிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே ஸ்கூட்டி வந்து நின்றது. மேளக்காரர்கள் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாழைமரம் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தது. எட்டிப் பார்த்தாள். சேறு பூசிய ஒரு உருவத்தில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

"ஐயோ! யாருய்யா அது உள்ள?"

"அரசியல்வாதி மேல ஊருக்கு இருக்கிற நம்பிக்கை," என்றார் வெள்ளைக்கண்ணு பெருமையாக. "பத்து. நீங்க சொன்ன மாதிரி அசைக்காம வச்சிருக்கோம். நல்லாப் பார்த்துக்கங்க."

பூங்கோதை நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். ரெஜினா மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்தாள். தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கயிற்றில் முடிச்சு முடிச்சாகத் தொங்குவதைப் பார்த்தாள். வேகமாகத் தாளை வாங்கி டிக் போட்டாள்.

"சரிபார்த்தாச்சு! தூக்குங்க ஐயா!"

யாரும் அசையவில்லை.

"அந்தக் கட்டம் முடிஞ்சுது தாயி. அடுத்த கட்டம் உங்களோடது. சர்வே எடுப்பவர். காலியா விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" வெள்ளைக்கண்ணு கயிற்றை அவள் கையில் வைத்தார். "இனி இதுல ஊர்க்காரன் கை வைக்கக் கூடாது. ஒரே அளவுகோல்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். பூங்கோதை கை கொடுக்க வந்தபோது அவளையும் தடுத்துவிட்டார்கள். மணி எட்டரை ஆகிவிட்டது. ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றின் நுனியைக் கொண்டுபோய் ஸ்கூட்டியின் பின்கம்பியில் கட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டி உறுமியது. கயிறு விறைத்தது. கப்பி கிரீச்சென்றது.

"ஒம்பது," என்றான் இருளப்பன்.

ஊர் 'உச்' கொட்டியது.

"எட்டு... ஏழு. ஏட்டையா அளவுக்கு இறங்கிட்டாளே."

"அஞ்சு... நாலு. டாக்டர்கிட்ட வந்துட்டா பாவம்."

"தாயி, வண்டியை நிறுத்து தாயி!" என்று பெண்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "போகப் போகக் கெடுத்துக்கிறியே! வக்கீலுக்குச் சமமா ஆகிடுவே, நிறுத்து!"

அவள் நிறுத்தவில்லை. இரண்டு. ஒன்று. சேறு சொட்டச் சொட்டச் சன்னாசி கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தரையில் வந்து விழுந்தார். பூங்கோதை பட்டுச்சேலையோடு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேளக்காரர்கள், கெட்டி மேளம் வாசிக்கிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்து வாசித்தே விட்டார்கள்.

வெள்ளைக்கண்ணு ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ரெஜினாவின் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். "மன்னிச்சுக்க தாயி. நான் என்ன பண்ணட்டும்? அளந்ததைத்தானே எழுதணும்."

"போடுங்க ஐயா, நல்லாப் போடுங்க," என்று ஸ்கூட்டி மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கினாள் ரெஜினா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இரண்டு குடம் தண்ணீரில் சன்னாசியைக் கழுவிப் புது வேட்டி கட்டிவிட்டார்கள். சரியாக ஒன்பது மணிக்கு மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தாலி ஏறியது. அந்த நிமிஷத்தில் அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்திருந்தால், பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கதையை இங்கேயே நிறுத்த எனக்கும் ஆசைதான்.

பந்திக்கு இலை போட்டார்கள். ரெஜினாவுக்கு முதல் இலை. கை கழுவிக்கொண்டே சன்னாசி கேட்டார், "ஆமா, நம்மளைத் தூக்கிவிட்ட இந்தப் புள்ளைக்கு எத்தனை மார்க்கு?"

"பூஜ்யம்," என்றான் இருளப்பன் வருத்தமாக.

சன்னாசி கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டார். "பூஜ்யமா? என் உசுரைக் காப்பாத்துன புள்ளைக்கா? எம் பொண்ணு கல்யாணத்தைப் பார்க்க வச்ச புள்ளைக்கா? கைவிட்டவருக்குப் பத்தாம், கைதூக்குனவளுக்குப் பூஜ்யமாம்! நான் என்ன நன்றி கெட்டவனாய்யா?"

"ஐயா, பரவாயில்லை ஐயா, எனக்கு மார்க்கே வேண்டாம், நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க," என்று ரெஜினா பதறி எழுந்தாள்.

"நீ சும்மா இரு தாயி! உன் மேல எனக்கு முழு நம்பிக்கை!"

சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்பில் கயிற்றை மாட்டினார். மறுநுனி, கிணற்றடிக்கே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திய ஸ்கூட்டியில்தான் இன்னும் இருந்தது. யாரும் எழுந்து வருவதற்குள் கைப்பிடிச் சுவரில் ஏறிக் குதித்துவிட்டார். கப்பி அலறியது. பத்தாவது முடிச்சும் தாண்டியது. தொப்.

வெள்ளைக்கண்ணு முகம் மலர்ந்து தாளை எடுத்தார். அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பூஜ்யத்துக்கு முன்னால் பக்குவமாக ஒரு ஒன்றைப் போட்டார்.

"பத்து!" என்று கிணற்றுக்குள் குனிந்து கத்தினார். "அசையாதீங்க சன்னாசி! இதைச் சரிபார்க்க இவளுக்கு மேல உள்ள ஆபீசர் வரணும்!"

அப்புறம் கீழேயிருந்து, சேற்றைத் துப்பிவிட்டு, நிம்மதியான ஒரு குரல் வந்தது.

"அசையலைய்யா. பாயசத்தை மட்டும் இறக்கி விடுங்க."